‘…தூர்’ என்று முடியும் ஸ்டேஷன் எது? போடி லைனில் போய் வந்தவர்கள் உதவுங்கள்

வடக்கு மாசி வீதிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. போன மாதம் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து ஒரு ரயில் டிக்கெட் கிடைத்தது. அந்தக் காலத்து அட்டை டிக்கெட். நம் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "அந்த ஸ்டேஷனுக்கு ஒரு தடவை கூட்டிப்போ."

எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் பெயர் வரவில்லை. அம்மாவின் அத்தையை ஒரு கேங்மேனுக்கு, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே தொழிலாளிக்கு, கட்டிக்கொடுத்திருந்தார்கள். மதுரையில் இருந்து போடிநாயக்கனூர் போகும் போடி லைனில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். முழுப் பரீட்சை லீவுக்கு அம்மாவை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். இரண்டே வருடத்தில் மாமாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் ‘ஸ்டேஷன்’தான். "ஸ்டேஷனுக்குப் போனோம், ஸ்டேஷனில் இருந்து வந்தோம்" என்றே பேசிப் பழகிவிட்டார்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: மதுரையில் ஏறினால் உசிலம்பட்டிக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நடைமேடை தரையோடு தரையாக இருக்கும். மாமா இடுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் இறக்கிவிடுவார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கல் கட்டிய கிணறு. மாசி சிவராத்திரிக்கு ஸ்டேஷனே கொள்ளாத கூட்டம்.

டிக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஓரத்தில் அழுத்தி அடித்த தேதியில் 62 என்பது மட்டும் தெரிகிறது. வலது பக்கக் கீழ் மூலை வெட்டப்பட்டிருக்கிறது. இடது பக்கத்தை ராமபாணப்பூச்சி தின்றுவிட்டது. மேலே மதுரை என்று இருக்கிறது. இறங்க வேண்டிய ஊரின் பெயரில் ‘தூர்’ மட்டும் மிச்சம். நான் கருமாத்தூர் என்று நினைத்தேன். அம்மா தலையை ஆட்டுகிறார். ஆனால் வேறு பெயரும் சொல்லவில்லை.

ஏலக்காய்:

சகோதரி, ஒரு சந்தேகம். போடி லைன் 1928-இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பப் போட்டு ரயில் விட்டது 1950-களில்தான். அதனால் நீங்கள் பழைய வரைபடம் எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், அது எந்த வருடத்தில் வரைந்தது என்று கவனியுங்கள். அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் கணக்கு. ஆனால் அவற்றுக்கு ஆதாரமான அளவீடுகள் இன்னும் பழையவை. அதில் இருப்பது எல்லாம் 62-இல் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெயர் மாறியதா என்பதையும் பாருங்கள். என் தாத்தா போடியில் ஏலக்காய் வியாபாரம். இந்த லைன் வருவதற்கு முன்னால் மலையில் இருந்து இறங்கும் சரக்கு மாட்டு வண்டியில் ‘அம்மையநாயக்கனூர் டேஷனுக்கு’ப் போகும் என்று அவருடைய அப்பா சொல்வாராம். நான் அந்த ஸ்டேஷனை எங்கெங்கோ தேடினேன். கடைசியில் பார்த்தால் இப்போது கொடைக்கானல் ரோடு என்று இருப்பதுதான் அது. எத்தனையோ தடவை அங்கே இறங்கி வடை சாப்பிட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கார்டு:

மகளே, நான் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்தில் போடி பாசஞ்சரில் கார்டாகப் போய் வந்தவன். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ‘தூர்’ என்று முடிவது இரண்டு: கருமாத்தூர், வாலாந்தூர். பெயர் மாற்றம் ஒன்றும் இல்லை.

சிவராத்திரிக் கூட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கருமாத்தூரில் மூணுசாமி கோயில், வாலாந்தூரில் அங்காள ஈஸ்வரி கோயில். பிறமலைக் கள்ளர் வீடுகளில் மாசிப் பச்சை என்கிற சிவராத்திரித் திருவிழாவுக்கு வெளியூர் போனவர்கள் எல்லோரும் சாமிப் பெட்டி தூக்கிக்கொண்டு குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் அன்றைக்கு வண்டியைக் கிளப்புவது பெரும்பாடு. நான் பச்சைக்கொடி காட்டுவேன். ஒரு கிழவி வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "பேரன் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான், பொறு" என்பாள். பொறுக்க வேண்டியதுதான். மற்ற நாட்களிலும் அப்படித்தான். பூ மூட்டையோடு வரப்பில் ஓடிவருகிறவர்களைக் கடைசிப் பெட்டியில் இருந்து பார்த்துவிட்டால் கொடியைக் காட்ட மனம் வராது.

அம்மா சொன்ன தரையோடு தரையான நடைமேடை மீட்டர்கேஜ் சின்ன ஸ்டேஷன்களில் எங்கும் இருந்ததுதான். ஓரத்தில் ஒரு வரிசைக் கல், உள்ளே மண். அவ்வளவுதான். அதையும் அடையாளமாகக் கொள்ள முடியாது. கேங் குவார்ட்டர்ஸும் கிணறும் லைன் நெடுக உண்டு.

2010 டிசம்பரோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதையில் தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமும் ரயில் வந்தது. ஒரு மீட்டர் அகலப் பாதையை 1676 மில்லிமீட்டர் ஆக்குவது என்றால் தண்டவாளத்தைத் தள்ளிப் போடுவது மட்டும் இல்லை. மண்கரையையே அகலப்படுத்தி உயர்த்த வேண்டும். அந்த வேலையில் இந்த மாதிரி நடைமேடைகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. இப்போது இந்த இரண்டு இடத்திலும் வண்டி நிற்பதில்லை. போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அட்டைச் சீட்டு:

அம்மா, நான் பழைய டிக்கெட் சேர்க்கிறவன். எட்மண்ட்சன் அட்டை என்று சொல்வோம். 1830-களின் கடைசியில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்கிற ஸ்டேஷன் மாஸ்டர் செய்த ஏற்பாடு. 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். உலகம் முழுக்க அதே அளவுதான். உங்கள் சுண்டுவிரல் கணக்கு சரியாகவே இருக்கிறது.

மூலை வெட்டு கிழிசல் இல்லை. அது அரை டிக்கெட். குழந்தைக்குக் கொடுக்கும்போது கிளார்க் அந்த மூலையைக் கத்தரித்துக் கணக்குக்காக வைத்துக்கொள்வார். 62-இல் உங்கள் அம்மாவுக்கு எட்டு ஒன்பது வயது இருக்குமே, பொருந்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழை விடுங்கள். அந்த அட்டையில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கடைசி எழுத்து ஆர், அதற்கு முன்னால் யு. அதற்கும் முன்னால் என்ன இருக்கிறது? கருமாத்தூர் என்றால் எச் வரும். வாலாந்தூரை டி போட்டுத்தான் எழுதுவார்கள். முழு எழுத்து வேண்டாம். வலது ஓரம் மட்டும் தெரிந்தால் போதும். நேராகக் கம்பம் மாதிரி நின்றால் எச். வயிறு தள்ளி வளைந்தால் டி. பகல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அச்சு அட்டையில் பதிந்திருக்கும். மை போனாலும் பள்ளம் போகாது. தயவுசெய்து எச்சில் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். ஒரு நண்பர் அப்படித்தான் ஒரு நல்ல டிக்கெட்டைக் கூழாக்கினார்.

வடக்கு மாசி வீதிக்காரி:

ஐயா, வளைந்திருக்கிறது!

காலையில் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். என் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பேத்தியின் அறிவியல் பெட்டியில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்து, புதுக்கண்ணோடு அம்மாதான் பார்த்தார். யு-வுக்கு முன்னால், பூச்சி தின்ற ஓரத்தை ஒட்டி, நகத்தை வெட்டிப் போட்டது போல ஒரு வளைவு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மா, "பிறை மாதிரி இருக்கிறது" என்றார். நான் வாலாந்தூர் என்று சொன்னதும், "ஆமாம், வாலாந்தூர்தான், அதைத்தானே இத்தனை நாளாகச் சொல்கிறேன்" என்று என் மேலேயே பாய்ந்தார். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதற்கு இந்தப் பக்கமே சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். போனால் எதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது?

நாகமலை நடையன்:

கிளம்புவதற்கு முன் கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய படங்களைக் காட்டும் வசதியில் 2010-க்கு முன்னால் போய்ப் பாருங்கள். பாதை ஒரு கயிறு மாதிரி போகும். ஸ்டேஷன் இருந்த இடத்தில் மட்டும் ரயில்வே நிலம் இரு பக்கமும் அகலமாகி, மறுபடி குறுகும். பாம்பு எலியை விழுங்கியது போல. அதோடு மரங்களைப் பாருங்கள். வயல் ஓர மரம் கலைந்து நிற்கும். ஸ்டேஷன் மரம் வரிசையாக நிற்கும், யாரோ அளந்து நட்டது தெரியும். நான் இப்படித்தான் பழைய பாதைகளைத் தேடி நடப்பேன்.

அங்கே போனதும் இளவட்டங்களிடம் கேட்காதீர்கள். கூகுளைக் காட்டுவார்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கார்டு:

இன்னொன்று. லைன் மேல் நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் கிடக்கட்டும். பழைய வண்டி வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். இப்போது வருவது அப்படி இல்லை. அம்மாவுக்குக் காது எப்படி?

வடக்கு மாசி வீதிக்காரி:

போய் வந்துவிட்டோம். காது நன்றாகவே கேட்கிறது ஐயா, கேட்க வேண்டியது மட்டும்.

நடையன் தம்பி சொன்னபடி பழைய படத்தில் அகலமான இடத்தைக் குறித்துக்கொண்டு போனோம். நேரில் பார்த்தால் எல்லாம் வேலிக்கருவை. மகன் இரண்டு தடவை காரைத் தவறான பாதையில் விட்டான். மூன்றாவது தடவை ஒரு பெரியவர், ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தவர், என்ன ஏது என்று கேட்டார். ஸ்டேஷன் என்றதும், "வண்டி நிற்காதே அம்மா" என்றார். ரயில் ஏற வந்தோம் என்று நினைத்துவிட்டார். விவரம் சொன்னதும் அவரே முன்னால் நடந்தார்.

லைனுக்குப் போகவில்லை. கரைக்குக் கீழேயே நின்றோம். கார்டு ஐயா சொன்னது போல நடைமேடை என்று எதுவும் இல்லை. வரிசையாக மூன்று வேம்பு. நான்காவது இருந்த இடத்தில் அடிக்கட்டை. கிணற்றை அம்மாதான் கண்டுபிடித்தார். கருவைக்குள் சதுரமாக ஒரு மேடு தெரிந்தது. உள்ளே பாதிக்கு மேல் மண். "இது இல்லை, அது பெரிய கிணறு" என்று முதலில் மறுத்தார். ஒன்பது வயதில் பார்த்த கிணறு பெரிதாகத்தானே இருக்கும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், குனிந்து விளிம்புக் கல்லைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த தடம் கல்லில் ஐந்தாறு இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழம், கட்டைவிரல் புதைகிற அளவு. "அத்தை இங்கே நின்றுதான் இறைக்கும். கப்பி உடைந்து போய் மாற்றித் தரவே இல்லை. அதைச் சொல்லித் தினமும் மாமாவைத் திட்டும்" என்றார். அதற்குப் பிறகு கிணறு சின்னதா பெரிதா என்று பேசவில்லை.

பெரியவரின் தோட்டத்து வேலிக்கு மூலைக்கால், ஒரு துண்டுத் தண்டவாளம். கேட்டால் அவருடைய அப்பா காலத்தில் நட்டது என்கிறார். அதன் பக்கவாட்டில் எழுத்து புடைத்துக்கொண்டு இருக்கிறது. துரு ஏறிப் பாதி போய்விட்டது. 1911 என்பது மட்டும் தடவினால் தெரிகிறது. இந்த லைனே 1928-இல்தான் வந்தது என்று ஏலக்காய் எழுதியிருந்தாரே, இது எப்படி?

ஓய்வுபெற்ற கார்டு:

அது தண்டவாளம் உருட்டிய வருடம். ஆலைப் பெயரோடு சேர்த்து உருக்கிலேயே பதித்து அனுப்புவார்கள். கிளை லைனுக்குப் புதுத் தண்டவாளம் போடுவது எப்போதுமே அபூர்வம். மெயின் லைனில் பத்துப் பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்ததை எடுத்து இங்கே போடுவார்கள். இதுவும் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு வந்ததாகத்தான் இருக்கும்.

கப்பி விஷயம் படித்துச் சிரித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸிலும் அதே கதைதான். எழுதிக் கொடுத்து மூன்று வருடம் கழித்து வந்தது. வந்தது வேறு அளவு.

வடக்கு மாசி வீதிக்காரி:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் வீட்டுக்கார அம்மா அதற்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கச் சொன்னார்.

ஓய்வுபெற்ற கார்டு:

அதைப் பொதுவில் எழுத முடியாது அம்மா.