கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன கைவேலை வைக்கலாம்?

மன்னை வாசகி:
மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். கோடை விடுமுறையில் ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு, வழக்கம்போல 'மரம் வளர்ப்போம்'. 40 பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேருக்குப் பரிசு. மீதி 37 பேர் அதற்கப்புறம் நூலகப் படியே ஏறவில்லை. இருப்பது ஒரே கூடம். குரூப் 4-க்குப் படிக்கிற தம்பிகள் சத்தம் கேட்டால் முறைக்கிறார்கள். போதாததற்கு வாட்டர் கலர் தண்ணீர் பழைய வார இதழ்க் கட்டு மேல் கொட்டிவிட்டது. சத்தம், தண்ணீர், செலவு மூன்றும் இல்லாமல் ஏதாவது சொல்லுங்களேன்.

மடிப்புக் காகிதம்:
போட்டியை விட்டுத்தள்ளுங்க. புத்தகம் செய்யச் சொல்லுங்க. எங்கள் ஊர் நூலகத்தில் மூன்று வருஷமாக ஞாயிறு காலையில் இதைத்தான் செய்கிறேன்.

ஆளுக்கு ஓர் ஏ4 தாள். மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம் விழும். விரித்து, அகலவாக்கில் ஒரு மடிப்பு மட்டும் போட்டு, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் பாதி தூரம் வெட்டணும். மறுபடி விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசையே கிடையாது. அதுதான் பெரிய வசதி. மைதாப் பசை என்றால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அலமாரிக்கே குடிவந்துவிடும். மடித்த பிறகுதான் எழுதணும், இல்லாவிட்டால் ஒரு வரிசை தலைகீழாகிவிடும்.

முன்னட்டை, பின்னட்டை போக உள்ளே ஆறு பக்கம். ஒரு பையன் 'எங்க ஆட்டுக்கு ஆறு பேரு' என்று பக்கத்துக்கு ஒரு பெயர் எழுதினான். பின்னட்டையில் 'விலை: தர மாட்டேன்'. நூலகர் அம்மா சிரித்துக்கொண்டே தேதிச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார். முதலில் அதை இரவல் வாங்கியது ஒரு குரூப் 4 தம்பி!

ஓய்வு நூலகர்:
நல்ல யோசனை. ஆனால் அவற்றைச் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். எண் கொடுத்துவிட்டால் இருப்புச் சரிபார்ப்பின்போது காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். தனியாக ஒரு 40 பக்க நோட்டுப் போடுங்கள்.

மன்னார்குடி என்கிறீர்கள். 1931-இல் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்ட மண் அம்மா அது! அட்டைப்பெட்டியில் ஒரு வண்டி செய்து, பிள்ளைகள் புத்தகங்களை அதிலேயே அடுக்குங்கள். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்குள் முடித்துவிடலாம்.

மன்னை வாசகி:
நன்றி ஐயா. நேற்று 12 பிள்ளைகள் வந்தார்கள். கத்தரி ஒன்றுதான் இருந்தது, வரிசையில் நின்றார்கள். சொல்லியும் கேட்காமல் இரண்டு பேர் விரித்து வைத்து எழுதி, பாதிக் கதை தலைகீழ். வண்டிக்குச் சக்கரம் வரை வந்துவிட்டது. மாடு யார் செய்வது என்பதில்தான் இப்போது சண்டை.