தூக்க நிலையில் நிற்காத கணினி, விழித்தபின் காணாமல் போகும் வைஃபை: உதவி தேவை

கேள்வி

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, மேசைக் கணினி ஒன்றை நானே பூட்டினேன். மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் உள்ளன. விண்டோஸ் 11 நிறுவியிருக்கிறேன். இரவில் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்தால், சில நிமிடங்களில் கணினி தானாகவே விழித்துக்கொள்கிறது. திரை வெளிச்சத்தால் அதே அறையில் உறங்கும் என் தாயாரின் தூக்கம் கெடுகிறது. காலையில் பார்த்தால் வைஃபை பட்டியலே இருப்பதில்லை. சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் 'கோட் 10' (சாதனம் இயங்கத் தொடங்கவில்லை) என்று காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் சில நாட்களில் அது சரியாவதில்லை. வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்புகளை நகலெடுக்கும்போது இணைய வேகமும் அடியோடு குறைகிறது. மதர்போர்டு பழுதாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1

நண்பரே, மூன்று தொல்லைகளையும் ஒரே பழுதாகப் பார்ப்பதால்தான் மதர்போர்டின் மீது சந்தேகம் வருகிறது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கணினியை எழுப்பியது எது என்பதை முதலில் கண்டுபிடிப்போம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை முதலில் 'லாஸ்ட்வேக்' என்ற தேர்வுடனும் (powercfg /lastwake), பிறகு 'வேக்டைமர்ஸ்' என்ற தேர்வுடனும் (powercfg /waketimers) இயக்குங்கள். முன்னது கடைசியாக எழுப்பிய சாதனத்தையும், பின்னது எழுப்பக் காத்திருக்கும் நேரக் கட்டளைகளையும் காட்டும்.

கேட்டவர்

நன்றி ஐயா. லாஸ்ட்வேக்கில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்று வந்தது. வேக்டைமர்ஸில் எதுவும் இல்லை.

பதில் 1

அப்படியானால் யுஎஸ்பியில் செருகியுள்ள ஏதோ ஒன்றுதான் எழுப்புகிறது. எனக்கு மவுஸின் மீதுதான் ஐயம். மவுஸ் கண்ணாடியின் மேலோ பளபளப்பான பரப்பின் மேலோ இருந்தால், யாரும் தொடாதபோதும் அதன் ஒளி உணரி அசைவைக் கண்டதாக எண்ணிவிடும். இன்றிரவு மவுஸை அதன் ஒளி உணரி மேலே பார்க்கும்படி மல்லாக்கப் புரட்டி வைத்துவிட்டுப் படுங்கள். கணினி விழிக்காவிட்டால், டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்பும் அனுமதியை நீக்கிவிடுங்கள். விசைப்பலகைக்கு அந்த அனுமதி இருக்கட்டும். காலையில் எழுப்ப அது போதும்.

பதில் 2

வைஃபையைப் பற்றி நான் சொல்கிறேன். கணினியை அணைத்தாலும் பவர் சப்ளையிலிருந்து சிறிது காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சிக்கிக்கொண்ட வைஃபை கார்டு ரீஸ்டார்ட்டில் முழுமையாகப் புதுப்பிக்கப்படாமல் போகலாம். ஷட் டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்சை அணைத்து, முன்புறப் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தபின் மீண்டும் இயக்குங்கள். கார்டு திரும்பி வந்ததும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி அதை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்குங்கள்.

நகலெடுக்கும்போது வேகம் குறைவதற்குக் காரணம் வேறு. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. உங்கள் ஆன்டெனா எங்கே இருக்கிறது, ஹார்டு டிஸ்க் எங்கே இருக்கிறது?

கேட்டவர்

பின்புறத்தில் ஆன்டெனாவை ஒட்டியே ஹார்டு டிஸ்க்கின் நீல நிற யுஎஸ்பி 3.0 முனை செருகியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ஆன்டெனாவின் பித்தளை மரை ஒன்றும் பாதிதான் ஏறியிருந்தது. அதைக் கையாலேயே இறுக்கி, ஹார்டு டிஸ்க்கை முன்புற முனைக்கு மாற்றி, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியபின், நகலெடுக்கும்போதும் வேகம் குறையவில்லை. மேசையில் கண்ணாடிதான் போட்டிருந்தேன். மவுஸைப் புரட்டி வைத்த முதல் இரவே கணினி விழிக்கவில்லை. பிறகு அனுமதியை நீக்கிவிட்டேன். நான்கு இரவுகளாகத் திரை இருட்டாகவே இருக்கிறது. காலையில் ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் வைஃபையும் உடனே இணைகிறது. இன்று என் தாயார் விடியும்வரை நன்றாக உறங்கியதாகச் சொன்னார். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.