மலைப்பாதையில் உங்கள் எஞ்சின் காட்டிய முகம்: நடந்ததைச் சொல்லுங்கள்

தலவாக்கலைக்காரன்:
நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். கார் டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் பெட்டரி மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட், பிரேக் பிடித்தால் பெட்டரி சார்ஜ் ஆகும், வாங்கி இரண்டு மாதம்தான். றம்பொடை வளைவுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை, பெட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக நிரம்ப நிரம்ப ஓசியில் சார்ஜ் ஏறுகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம், எஞ்சின் ஊளையிட்டது பாருங்கள்! அக்சிலேட்டரை நான் தொடவேயில்லை. அந்தச் சுவர்களுக்குள் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கிறது, பின் சீட்டில் அம்மா "முருகா, நிறுத்துடா" என்கிறார். வெளியே வந்து ஓரங்கட்டி, போனட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் கராஜ் பாஸ்தான் விளக்கினார். பெட்டரி நிரம்பிவிட்டால் மேற்கொண்டு மின்சாரத்தை ஏற்காது, அதனால் பெற்றோல் ஊற்றாமலே எஞ்சினைச் சுற்றவிட்டு வேகத்தைப் பிடிக்கிறதாம். பழுது இல்லை. சரி, விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்க, கியரில் 'B' என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் கண்டேன்.

அட்டன் வேன்காரர்:
தம்பி, உங்களுடையது இறக்கத்துக் கதை. என்னுடையது ஏற்றம். மச்சானின் 660 சிசி குட்டி எஞ்சின் காரில் ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை, கினிகத்தேனையில் இருந்து அட்டனுக்கு. ஏசியை நிறுத்தியும் இழுக்கவில்லை. கொழுந்து லொறி ஒன்று எங்களை முந்திப்போனது, சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்திருந்த பையன் கையசைத்தான். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

என் டொல்பின் வேன் 2.8 லீட்டர் டீசல், கிழடுதான், ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 1000 மீற்றருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் போகும். நுவரெலியா 1868 மீற்றர், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மலைநாட்டில் டீசல்தான், வேறு பேச்சே இல்லை.

பண்டாரவளை அக்கா:
வேறு பேச்சு இருக்கிறது அண்ணே. உங்கள் டொல்பினுக்கும் டர்போ இல்லை, அந்தக் கணக்கை அதற்கும் போடுங்கள். நானும் டீசல்தான் வாங்கினேன், புதிய வகை, புகை வடிகட்டி உள்ளது. என் ஓட்டம் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், வீட்டுக்கு மூன்று. எஞ்சின் சூடேறுவதற்குள் வந்து சேர்ந்துவிடுவேன். ஐந்தாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது, கரி அடைத்துவிட்டதாம், நீண்ட தூரம் ஓட்டினால் தானே எரிந்துபோகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லாமல், சமைத்ததை அப்படியே மூடிவைத்துவிட்டு பெரகலை வரை போனேன். இறக்கத்தில் சூடு ஏறவில்லை, விளக்கு அப்படியே முறைத்துக்கொண்டிருந்தது. திரும்பி அப்புத்தளைக்கு ஏறும்போதுதான் அணைந்தது. ஒரு விளக்கை அணைக்க இவ்வளவு டீசல்!

கடுகண்ணாவை:
எனக்கு நடந்தது சின்னது, இறக்கத்தில் பிரேக் கருகிய வாடை, அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன், எந்த எஞ்சினாக இருந்தாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், சிவிடி என்கிற ஓட்டோ கியர் என்றால் 'L' போடுங்கள், வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹைபிரிட்காரர்கள் பின் சீட்டுப் பக்கம் இருக்கும் பெட்டரி விசிறியின் காற்றுத் துளையைப் பை, சீலை வைத்து மூடாதீர்கள், தூசியைத் தட்டுங்கள். தினமும் டவுனுக்குள் மட்டும் ஓடுபவர் டீசல் பக்கமே போகவேண்டாம், அக்கா கோபிக்காதீர்கள். ஆள் நிறைய ஏற்றுபவர் 660ஐ மறந்துவிடுங்கள், மாதம் ஒரு தடவை கொழும்பு போகிறவர் முதலில்

தலவாக்கலைக்காரன்:
அண்ணே, பாதியில் நிற்கிறது. காற்றுத் துளையை இப்போதுதான் போய்ப் பார்த்தேன், அதன் மேல் அம்மாவின் வெற்றிலைப் பை.