இமனென்ஸ்: உள்ளுறைவு வேண்டாம், உள்ளார்மை சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

ரீக்ளெய்மிங் (Reclaiming) மரபு பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரை மூன்று நாளாக 'இமனென்ஸ்' (immanence) என்ற இந்த ஒரே சொல்லில் நிற்கிறது. தெய்வம் உலகுக்கு வெளியே இல்லாமல் உலகிலேயே இருப்பது என்று பொருள், அதற்கு இழையில் வந்த தமிழ்ச்சொற்களைப் பற்றித்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் இடையில் சேர்ந்தவர்களுக்காக: இது 1980-ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டார்ஹாக் என்ற அமெரிக்க எழுத்தாளரும் அவருடைய தோழிகளும் நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்த பேகன் மரபு, அதாவது இயற்கையைப் புனிதமாகக் கொண்டாடும் புதிய சமய மரபு. வேதநூல் கிடையாது. 1997-இல் ஏற்றுக்கொண்ட 'ஒற்றுமைக் கோட்பாடுகள்' என்ற சிறிய ஆவணம்தான் எல்லோருக்கும் பொது. பூமிக்கு உயிர் உண்டு, உயிர்கள் அனைத்தும் புனிதம், எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பூமியின் சுழற்சிகளில் தேவி 'இமனென்ட்' ஆக இருக்கிறாள் என்கிறது. மற்ற நம்பிக்கைகள் எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. இங்கே சொல் பிசகினால் கட்டுரை முழுக்கப் பிசகும்.

முதலில் வந்தது 'உள்ளுறைவு'. அழகான சொல்தான், ஆனால் 'உறைதல்' என்றால் குடியிருத்தல். வீடு வேறு, குடியிருப்பவர் வேறு என்றாகிவிடுகிறது. இவர்களுக்குப் பூமி தேவியின் வீடு அல்ல, உடம்பு. போதாததற்கு உள்ளுறை உவமத்தின் 'மறைந்த பொருள்' வாடையும் சேர்ந்துகொள்கிறது. பாலில் நெய் போல என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கும் மிகப் பிடித்த உவமை அது. ஆனால் நெய்யைக் கடைந்து எடுத்துவிடலாம், மிஞ்சுவது மோர். தேவியை எடுத்துவிட்டால் மிஞ்சும் பூமி என்று ஒன்று இவர்களிடம் இல்லவே இல்லை.

'அந்தர்யாமித்துவம்' என்று ஐயா சொன்னதை நெடுநேரம் யோசித்தேன். வைணவத்தில் ஆழ்ந்த பொருளுள்ள சொல், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, 'யாமி' என்றால் கட்டுப்படுத்துபவன் அல்லவா, உள்ளே இருந்து ஆள்பவன்? ஸ்டார்ஹாக் அதிகாரத்தில் இரண்டு வகைகளை எதிரெதிராக வைக்கிறார்: ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் ஆதிக்கம், அவரவருக்குள்ளிருந்து எழும் ஆற்றல். முதலாவதை விட்டு விலகுவதுதான் இந்த மரபின் நோக்கமே. ஆன்மிக விஷயத்தில் கடைசித் தீர்ப்பு அவரவர் உள்ளத்தில்தான் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. அங்கே போய் ஆள்பவன் என்ற சொல்லை வைத்தால் நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

என் பரிந்துரை 'உள்ளார்மை'. உள் + ஆர். ஆர்தல் என்றால் நிறைதல், 'வயிறாரச் சாப்பிட்டேன்' என்பதில் இருக்கும் அதே ஆர். 'மனமார்ந்த நன்றி' என்கிறோம், அங்கே நன்றி மனத்துக்குள் ஒரு மூலையில் கிடக்கும் தனிப்பொருள் இல்லை, மனமே நன்றியாக நிறைந்திருக்கிறது. 'உள்ளார்ந்த' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் படிப்பவர் தடுக்கி விழவும் மாட்டார். எதிர்ச்சொல்லான டிரான்ஸென்டென்ஸுக்கு, அதாவது தெய்வம் உலகைக் கடந்து நிற்பதற்கு, 'கடந்தமை' போதும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பிறத்தல், வளர்தல், இறத்தல், மட்குதல், மீண்டும் துளிர்த்தல் என்னும் பூமியின் சுழற்சிகளில் தேவி உள்ளார்ந்திருக்கிறாள்." எனக்கு நிறைவாக இருக்கிறது. கட்டுரையில் முன்பு 'சிதைவு' என்று இருந்ததை 'மட்குதல்' என்று வேண்டுமென்றேதான் மாற்றினேன், சிதைவு என்றால் அழிவு மட்டும்தான் தெரிகிறது, மட்கிய இலை எருவாகும் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். 'மறுபிறப்பு' போட்டால் வினைப்பயன், அடுத்த பிறவி என்று எங்கேயோ போய்விடும், அதனால் துளிர்த்தல். 'தேவி' இருக்கட்டும். 'அம்மன்' என்றால் நம் ஊர்க் கோயில்தான் கண்முன் வரும், அது இவர்களுடைய வழிபாடு அல்ல.

அப்புறம், இது வெறும் தத்துவச் சொல்தானே, இவ்வளவு அலச வேண்டுமா என்று இழையில் ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். 1981-இல் கலிபோர்னியாவின் டையப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை மறித்து நடந்த போராட்டத்தில் இந்த மரபினரும் போய் உட்கார்ந்தார்கள். பூமியில் தேவி குடியிருக்கிறாள் என்று நம்புகிறவர், வீடு கெட்டால் அவள் வேறிடம் போவாள் என்று இருந்துவிடலாம். பூமியே அவள் என்று நம்புகிறவர் அப்படி இருக்க முடியாது. அந்த வித்தியாசம் சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

மாற்றுச் சொல் இருந்தால் மேலே உள்ள வாக்கியத்திலேயே பொருத்திக் காட்டுங்கள். ஞாயிறு வரை கட்டுரையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்