ஆடிட்டர் ஆபீசுக்கு உண்மையில் என்ன வயசு? பழைய கட்டுகளைப் பிரித்தவர்களின் அனுபவப் பகிர்வு

கட்டு அவிழ்ப்பவர்:

போர்டில் ஒரு வருஷம் இருக்கும், அலமாரிக்குள் மூன்று வருஷம் இருக்கும். மாவட்டத் தலைநகர்களில் உள்ள பழைய ஆடிட்டர் ஆபீஸ் பலவற்றில் இதுதான் நிலைமை. நிறுவனர் தகுதி பெற்ற வருஷம் ஒன்று, தனி அறை எடுத்து உட்கார்ந்த வருஷம் ஒன்று, கூட்டாளி சேர்ந்து ‘அண்ட் கோ’ ஆன வருஷம் ஒன்று. விழா மலர் போடுகிறவர்கள் மூன்றில் எது பழசோ அதை எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் எது எந்த வருஷம் என்று பிரித்து எழுதிவிட வேண்டும்.

முதலில் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். 1913 கம்பெனிச் சட்டத்துக்கு முன்னால் ஆடிட்டருக்கு இன்ன தகுதி வேண்டும் என்ற சட்டமே கிடையாது. ஜி.டி.ஏ. என்றால் 1918-ல் பம்பாய் அரசாங்கம் தொடங்கிய கணக்கியல் டிப்ளமா. ஆர்.ஏ. என்றால் 1932 ஆடிட்டர் சான்றிதழ் விதிகளுக்குப் பிறகு பதிவான ‘ரிஜிஸ்டர்டு அக்கவுண்டண்ட்’. சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் வந்தது 1949 ஜூலை 1-ல்தான். ஆகவே 1940 தேதி போட்ட லெட்டர்ஹெட்டில் ‘சார்ட்டர்டு’ என்று அச்சாகியிருந்தால் இரண்டில் ஒன்று: அவர் பிரிட்டனில் தேர்ச்சி பெற்றவர், அல்லது பிற்பாடு அச்சடித்த தாளில் யாரோ பழைய கடிதத்தை மறுபடி டைப் அடித்திருக்கிறார்கள்.

ஆபீசின் சொந்தக் காகிதத்தைவிட கிளையண்ட் கம்பெனிகளின் அச்சிட்ட ஆண்டறிக்கையை நான் அதிகம் நம்புவேன். ஐந்தொகைக்குக் (பேலன்ஸ் ஷீட்) கீழே ஆடிட்டர் கையெழுத்து, ஊர், தேதி, தகுதி நாலும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரே மில்லின் 1946 முதல் 1952 வரையான அறிக்கைகளை வரிசையாக வைத்தால் ஆர்.ஏ. எப்போது சி.ஏ. ஆனது, தனி ஆள் கையெழுத்து எப்போது ஃபர்ம் கையெழுத்தானது எல்லாம் தெரிந்துவிடும்.

டீடு தேடி:

அண்ணே சொன்னது சரி. ஆனால் ஃபர்ம் ஆன தேதிக்கு பார்ட்னர்ஷிப் டீடுதான் (கூட்டாளிகளின் ஒப்பந்தப் பத்திரம்) வேண்டும், அதை எல்லாரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள். பத்திரப் பெட்டியில் இருக்காது. ஆபீசின் சொந்த வருமான வரிக் கட்டில் இருக்கும். 1922 சட்டத்தில் 26ஏ பிரிவு, 1961 சட்டத்தில் 184, 185 பிரிவுகள். இவற்றின்படி ஃபர்மைப் பதிவு செய்தால்தான் அன்று பதிவு பெற்ற ஃபர்முக்கான முறையில் வரி போட்டார்கள். அந்த விண்ணப்பத்தோடு டீடின் அசலோ சான்றிட்ட நகலோ போயிருக்கும். கூட்டாளி மாறினாலும் பங்கு விகிதம் மாறினாலும் புது டீடு, புது விண்ணப்பம். அந்தக் கட்டு முழுசாகக் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வரலாறு கையில்.

ரிஜிஸ்திரார் ஆஃப் ஃபர்ம்ஸ் ஆபீசில் பதிவேட்டு நகல் கேட்கலாம். ஆனால் கூட்டாண்மைச் சட்டம் 1932-ல்தான் வந்தது, அதிலும் பதிவு கட்டாயம் இல்லை. அங்கே பெயர் இல்லை என்பதால் ஃபர்மே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இன்றைய கணக்குக்கு இன்ஸ்டிட்யூட்டின் அமைப்புச் சான்றிதழ்தான் கடைசி வார்த்தை. ஃபர்ம் பதிவு எண் ஆறு இலக்கம், பின்னால் மண்டல எழுத்து, தெற்கு என்றால் ‘எஸ்’. பேங்க் கிளை ஆடிட் பேனலில் (அந்த வேலைக்குத் தகுதியான ஃபர்ம்களின் பட்டியல்) ஃபர்மின் வயதைக் கணக்கிடுவது அந்த ஆவணத்தை வைத்துத்தான், போர்டை வைத்து அல்ல. கூட்டாளி சேர்ந்தாலோ விலகினாலோ படிவம் 18-ஐ 30 நாளுக்குள் போட வேண்டும். போடாமல் விட்டு, பேனல் விண்ணப்பம் வரும்போது முழிப்பவர்கள் இன்றும் உண்டு.

ரெண்டு பேர் கம்பெனி:

அப்பாவும் மகனும் மட்டும் கூட்டாளிகளாக இருந்த ஃபர்ம்களில் ஒரு சிக்கல் இருக்கிறது, மலர்களில் யாரும் எழுதுவதில்லை. இரண்டே கூட்டாளிகள் இருந்து ஒருவர் காலமானால் ஃபர்ம் அன்றே கலைந்துவிடும். ‘ஒருவர் இறந்தாலும் ஃபர்ம் தொடரும்’ என்று டீடில் எழுதியிருந்தாலும் பயன் இல்லை, தனி ஒருவர் கூட்டாண்மையாக இருக்க முடியாதே. சேட் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கில் 1965-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். மறுநாளே மருமகனைச் சேர்த்து அதே பெயரில் நடத்தியிருந்தாலும் சட்டப்படி அது வேறு ஃபர்ம். மூன்றாவதாக ஒரு கூட்டாளி ரூபாய்க்கு 5 பைசா பங்கோடு இருந்திருந்தால் இந்த முறிவு வந்திருக்காது. பழைய டீடுகளில் சீனியர் குமாஸ்தாவாக இருந்து தேர்ச்சி பெற்ற ஒருவருக்குச் சின்னப் பங்கு கொடுத்திருப்பதைப் பார்த்தால், காரணம் தாராள மனசாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம்.

தனி ஆள் ஆபீஸ் இன்னும் மோசம். அவர் காலமானால் வாரிசு சி.ஏ. இல்லாதபோது ஃபீஸில் பங்கு வாங்க முடியாது. குட்வில்லை (ஆபீசின் பெயர் மதிப்பை) வேறொரு உறுப்பினருக்கு விற்கத்தான் வழி, அதுவும் ஒரு வருஷத்துக்குள். ஊரில் திடீரென்று ஒரு பழைய பெயர் வேறு தெருவில், சம்பந்தமில்லாத ஆள் கையில் இருந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

மயிலாப்பூர் பேனா:

தனி ஆள் ஆபீஸ் என்றதும் ஆர். சிவபோகம் அம்மாவைச் சொல்லாமல் விடக்கூடாது. 1933-ல் ஜி.டி.ஏ. முடித்த, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். சென்னையில் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி. தேர்ச்சி 1933, சொந்தத் தொழில் 1937. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைக் கவனியுங்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்; சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஒரு விதி குறுக்கே வந்தது. வழக்குப் போட்டு ஜெயித்துத்தான் உள்ளே வந்தார். பிற்பாடு 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலின் தலைவர். பரீட்சை வருஷத்தைத் தொடக்க வருஷமாகப் போட்டிருந்தால் இந்த வழக்கே வரலாற்றில் காணாமல் போயிருக்கும்.

பற்று வரவு:

டீடு எல்லாம் சரி சார். பேரேட்டைப் படிக்கத் தெரியாமல் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

செட்டிநாட்டுப் பக்கத்துக் கணக்குகளில் தமிழ் எண் இருந்தால் பூஜ்யத்தைத் தேடாதீர்கள். ௰ என்றால் பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௨௱௰௫ என்றால் 215. ௰-ஐப் பூஜ்யமாக எடுத்தால் கூட்டல் ஜென்மத்துக்கும் டேலி ஆகாது. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று எண்ணிப் பக்க எண் போட்ட பட்டியலும் உண்டு! ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை.

அட்டையில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் அறுபது வருஷக் குழப்பம் வரும். ‘தாது’ என்றால் 1876-ம் தாது, 1936-ம் தாது. உள்ளே ஒட்டியிருக்கும் ரசீதைப் பாருங்கள். 20 ரூபாய்க்கு மேல் போன ரசீதில் ஓரணா ஸ்டாம்ப் இருக்கும். அதில் ராணி தலையா ராஜா தலையா என்பது போதும்.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அரசாங்க அட்டவணைப்படி ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. ஓரணாவுக்கு 6¼ என்பதை முழு எண்ணாக்கியதால் வந்த விளைவு: இரண்டணாவும் இரண்டணாவும் 24, நாலணா என்றால் 25. ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக மாற்றி எழுதியவர்களுக்கு ஆரம்ப இருப்பில் சில்லறை உதைத்தது. அந்த வருஷ டிரயல் பேலன்சில் (பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பட்டியல்) சஸ்பென்ஸ் கணக்கில் (காரணம் தெரியாத வித்தியாசத்தை நிறுத்திவைக்கும் கணக்கு) அரை ரூபாய், ஒரு ரூபாய் நின்றால் மோசடி என்று துள்ள வேண்டாம். மற்ற வருஷங்களில் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 2-ஆல் வகுபட்டால் பற்றில் எழுத வேண்டியது வரவில் போயிருக்கலாம். இது இன்றைக்கும் ஆர்டிகிள் பையன்களுக்கு (ஆடிட்டரிடம் பயிற்சி பெறுபவர்கள்) முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதுதான்.

செப்டம்பர் 30:

கூட்டாளிகள் எண்ணிக்கை எந்த வருஷம் தாவுகிறது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் குடும்பத்தில் இருக்காது, சட்டத்தில் இருக்கும்.

1974 திருத்தம்: ஒரு கூட்டாளிக்கு 20 கம்பெனி ஆடிட்தான், அதிலும் 25 லட்சமும் அதற்கு மேலும் மூலதனம் உள்ளவை 10-க்கு மேல் கூடாது. 1985-86 மதிப்பீட்டு வருஷத்தில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவு வந்தது. அன்று 40 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் என்றால் வரித் தணிக்கை. ஜவுளி, மளிகை, அரிசி மண்டி, நூல் வியாபாரம் என்று அதுவரை கணக்குப்பிள்ளையோடு முடிந்துகொண்டிருந்த கடைகள் ஆடிட்டர் படி ஏறின. சின்ன ஊர் ஆபீஸ்களின் இரண்டாம் பிறப்பு அதுதான் என்பேன். பிறகு இன்ஸ்டிட்யூட் அதற்கும் ஆளுக்கு 30 என்று வரம்பு போட்டு, 45, 60 என்று தளர்த்தியது.

1988-89 மதிப்பீட்டு வருஷம் வரை கணக்கு வருஷம் அவரவர் இஷ்டம். பங்குனி முடிவு, தீபாவளி, டிசம்பர், ஜூன் என்று வேலை வருஷம் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாருக்கும் மார்ச் 31 என்று ஆக்கியபோது டிசம்பர் முடிவுக்காரருக்கு அந்த ஒரு தடவை 15 மாதக் கணக்கு. அதற்குப் பிந்தைய சம்பளப் பட்டியலில் சீசனுக்கு மட்டும் ஆள் எடுத்திருப்பது தெரிந்தால் காரணம் இதுதான்.

2013 கம்பெனிச் சட்டத்தில் சுழற்சி முறை வந்தது. ஃபர்முக்கு ஐந்தைந்து வருஷமாக இரண்டு தவணை, பிறகு ஐந்து வருஷம் ஒதுங்கல். மூன்று தலைமுறையாக ஒரே மில்லுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் 2017-ல் கைமாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத சிறு கம்பெனிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பழைய பெயரே இன்றும் இருக்கும்.

டீடு தேடி:

எழுதி முடித்து அச்சுக்குப் போகும் முன் இரண்டு விஷயம். கிளையண்ட் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட்டால் அது தொழில் நெறி மீறல், நாற்பது வருஷப் பழைய கட்டாக இருந்தாலும் சரி. கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான ஆண்டறிக்கை பொதுவில் உள்ளது, அதை மேற்கோள் காட்டலாம். வெள்ளி விழா, நூற்றாண்டு விழா அறிவிப்புக்கு இன்ஸ்டிட்யூட் இடம் கொடுக்கிறது; ஆனால் ஃபர்மின் வெப்சைட்டில் கிளையண்ட் பட்டியலும் ஃபீஸும் போடக்கூடாது.

பற்று வரவு:

கட்டில் இருக்கும் குண்டூசிகளை ஸ்கேன் செய்வதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். துரு ஏறியதை இழுத்தால் தாள் கிழியும். தாளைத் தட்டையாக வைத்து, ஊசியின் இரு முனைக்கும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு கொடுத்து மெதுவாக நெகிழ்த்த வேண்டும். கார்பன் நகலுக்கு ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு போட்டோ எடுத்தால் டைப் அடித்த பள்ளம்கூட தெரியும். டீடை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு உரிக்க முடியாது.