பிஎல்சி பழகுகிறவர் முதலில் தொடவேண்டியது லப்டொப்பா, பனலா?

உப்புவெளி_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது பனல், கட்டுகிற ஒரு சின்னக் கடையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று கடையில் ஒரு வாக்குவாதம், அதை இங்கே கொண்டுவருகிறேன். புதிதாக வருகிறவன் ஆறு மாதம் வயர் பிடித்த பிறகுதான் லப்டொப்பைத் தொடவேண்டும் என்று எங்கள் மூத்தவர் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் விடுகிற பிழைகளில் பெரும்பகுதி பிஎல்சி (மெஷினை நடத்துகிற சின்னக் கணினி) எந்த ஒழுங்கில் வேலை செய்கிறது என்று தெரியாததால் வருகிறது, அதை வீட்டில் சிமுலேட்டரில் இருந்தே பழகலாம்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு விடுதியின் மேல்தாங்கிக்குப் பம்ப் ஏற்றும் புரோகிராம். நாலாவது வரியில் ஓட்டோ: மிதவை கீழே போனால் பம்புக்குப் போகிற அவுட்புட், வை0, ஓன். பத்தொன்பதாவது வரியில் மனுவல்: செலக்டரைத் திருப்பி பட்டனை அமுக்கினால் அதே வை0 ஓன். மனுவலில் பம்ப் ஓடியது, ஓட்டோவில் ஓடவில்லை. லப்டொப்பில் பார்த்தால் நாலாவது வரி முழுக்கப் பச்சையாக எரிகிறது, ஆனால் பம்ப் மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெரிய மின்காந்தச் சுவிட்ச், கொன்டாக்டர், இழுக்கவில்லை. பிஎல்சிக்குள் இருக்கிற அவுட்புட் ரிலே (சின்ன மின்காந்தச் சுவிட்ச்) செத்துவிட்டது என்று நினைத்து வயரை வை1க்கு மாற்றினேன், பிறகு கொன்டாக்டரையும் மாற்றினேன், ஒரு நாள் முழுக்கப் போனது. காரணம் இதுதான்: பிஎல்சி முதலில் இன்புட்களை வாசிக்கும், பிறகு புரோகிராமை மேலிருந்து கீழாக ஓடும், கடைசியில்தான் அவுட்புட்டை எழுதும். நாலாவது வரி வை0ஐ 1 ஆக்கினால் பத்தொன்பதாவது வரி, மனுவல் பட்டன் அமுக்கப்படாததால், அதைத் திரும்ப 0 ஆக்கிவிடும். வெளியே போவது கடைசியாக எழுதினதுதான். இப்போது ஓட்டோவுக்கு எம்10, மனுவலுக்கு எம்11 என்று இரண்டு உள்நினைவு பிட், எது ஓன் ஆனாலும் போதும் என்று இரண்டையும் இணையாக வைத்து ஒரே வரியில் வை0. மோட்டர் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்துகிற ஓவர்லோட் கொன்டாக்டும் அந்த ஒரு வரியிலேயே. இதில் வயருக்கு எந்த வேலையும் இல்லையே? அப்படியானால் ஆறு மாதம் எதற்கு?

சீனக்குடா_பனல்

தம்பி, ஒரு அவுட்புட்டுக்கு ஒரு கொயில், அதாவது ஓர் அவுட்புட்டைப் புரோகிராமில் ஓரிடத்தில் மட்டும் எழுதுவது என்பதை நீர் ஐந்தே மாதத்தில் பிடித்துக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் உம்முடைய பிழையில் நடந்தது என்ன, பம்ப் ஓடவில்லை. ஓடாத மெஷின் யாரையும் கடிக்காது. நிற்காத மெஷினைப் பற்றி நான் சொல்கிறேன், கேளும்.

ஒரு ஐஸ் கம்பனி, பெயர் வேண்டாம். கட்டி ஐஸை உடைக்கிற மெஷினுக்கு ஒரு பொடியன் புரோகிராம் எழுதினான். கடையில் வாங்கின சிவப்புப் பட்டன் என்சி, அதாவது அமுக்காதபோது கரண்ட் போய்க்கொண்டிருக்கும். பட்டன் என்சி என்றபடியால் லேடரிலும் (ஏணிப்படி போல வரைகிற புரோகிராம்) குறுக்குக்கோடு போட்ட கொன்டாக்டைப் போட்டான். மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆகாதுதானே, பட்டன் சும்மா இருக்கும்போதே இன்புட் 1, குறுக்குக்கோடு அதை 0 என்று தலைகீழாக்குகிறது. அவன் செய்திருக்கவேண்டியது லேடரில் கோட்டை எடுப்பது. செய்தது என்னவென்றால், பட்டனுக்குப் பின்னால் இருந்த கொன்டாக்ட் பிளொக்கைக் கழற்றி என்ஓ, அதாவது அமுக்கினால் மட்டும் கரண்ட் போகிற ஒன்றை மாட்டினான். மெஷின் ஓடியது, அமுக்கினால் நின்றது, பத்துத் தரம் அமுக்கிக் காட்டினான், முதலாளி கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ஊர் உப்புக் காற்று உமக்குத் தெரியும். அதோடு ஐஸ் கம்பனியில் எந்த நேரமும் உப்புநீர்ச் சாரல். ஏழெட்டு மாதத்தில் பட்டன் பெட்டிக்குள் செம்பு வயர் பச்சைக் களிம்பு பிடித்து, டேர்மினலுக்குள்ளேயே இற்று விட்டுவிட்டது. மெஷினுக்கு அது தெரியாது. அது வழமைபோல ஓடுகிறது, ஏனென்றால் அந்த இன்புட் எப்போதும் 0தானே. ஒரு நாள் விடியற்காலை பல்லில் சாக்கு மாட்டி இழுபட, பக்கத்தில் நின்றவர் சிவப்புப் பட்டனை அமுக்குகிறார், அமுக்குகிறார், நிற்கவில்லை. சாக்கைப் பிடித்திருந்தவர் கையை விட்டதால் தப்பினார். ஒருவர் ஓடிப்போய் மெயின் பிரேக்கரை விழுத்தின பிறகுதான் அடங்கியது.

பட்டன் என்சியாக இருந்திருந்தால், வயர் இற்ற அந்த நிமிடமே மெஷின் தானாக நின்றிருக்கும். திட்டு வாங்கியிருப்போம், அவ்வளவுதான். இரண்டு விதமாக எழுதினாலும் சிமுலேட்டரில் மெஷின் நிற்கும் தம்பி. அங்கே வயர் இற்றுப்போவதில்லை.

கிண்ணியா_நானா

அண்ணன் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வயர் பிடித்த பெரிய ஆட்களும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. அரிசி மில்லில் நெல் ஊறப்போட வைத்திருந்த தண்ணீர்த் தாங்கி. மட்டம் பார்க்க, வெறுமையானால் 4, நிறைந்தால் 20 மில்லிஅம்பியர் தருகிற டிரான்ஸ்மிட்டர். அதை வாசிக்கிற பிஎல்சி மொடியூலை 0 முதல் 20 என்று செட் பண்ணிவிட்டார்கள். சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சியில் முழு அளவான 20 மில்லிஅம்பியருக்கு எண் 27648, தாங்கி வெறுமையாக இருக்கும்போது வருகிற 4 மில்லிஅம்பியருக்கு 5530 அளவில் எண் நிற்கும். திரையில் 20 சதவீதம் தண்ணீர். பம்ப் காய்ந்து ஓடாமலிருக்க 10 சதவீதத்தில் நிறுத்து என்று வரி எழுதியிருக்கிறது, பிழையில்லாத வரி, ஆனால் எண் 20க்குக் கீழே ஒரு நாளும் வராதே. பம்ப் சீல் எரிந்த மணம் வந்த பிறகுதான் ஆள் ஏறித் தாங்கியைப் பார்த்தார்.

வயரில் பிழையில்லை, லேடரிலும் பிழையில்லை. தாங்கியை வெறுமையாக்கி மீட்டரைத் தொடரில் வைத்து எத்தனை மில்லிஅம்பியர், திரையில் எத்தனை என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதை யாரும் செய்யவில்லை.

உவர்மலை_கருவி

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவுக் கருவிகள் பக்கம், சனி ஞாயிறுகளில் பொடியன்களுக்கும் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கிறேன். சீனக்குடா அண்ணனின் ஐஸ் மெஷின் கதையை அடுத்த வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன். ஆனால் ஆறு மாதம் வயர் என்பதை நான் எதிர்க்கிறேன்.

முதல் பிஎல்சிகளில் ஒன்றான மொடிகொன் 084ஐ டிக் மோர்லியின் ஆட்கள் 1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டர்ஸுக்குக் கொண்டுபோனபோது, ரிலே வரைபடம் வாசிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் புரியவேண்டும் என்றுதான் லேடர் வடிவம் வந்தது. அந்த ஒற்றுமைதான் பழைய ஆட்களை இடறவைக்கிறது. ரிலே பனலில் எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் கரண்ட் ஓடும், பிஎல்சியில் ஒவ்வொரு வரியாகத்தான் போகும். இருபது வருடம் ரிலே பார்த்தவர் எழுதின புரோகிராமில், தம்பி சொன்ன அதே இரட்டைக் கொயிலை மூன்று இடத்தில் கண்டிருக்கிறேன். ரிலே பனலில் ஒரே கொயிலுக்கு இரண்டு பாதை கொடுப்பது பிழையே இல்லை, அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. தண்ணீர் மீட்டரிலிருந்து செக்கனுக்கு 200 துடிப்பு வருகிறது. அதாவது 5 மில்லிசெக்கனுக்கு ஒன்று, அதில் பாதி நேரம்தான் ஓன். புரோகிராம் ஒரு சுற்று ஓட 10 மில்லிசெக்கன் எடுத்தால் சாதாரண இன்புட்டில் எத்தனை தவறும் என்று நீங்களே பாருங்கள். அதற்கு அதிவேகக் கவுன்டர் இன்புட் தனியாக இருக்கிறது. இதை எந்த வயரும் சொல்லித்தராது. வயரை எத்தனை தரம் இறுக்கினாலும் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

பிறகு செட், ரீசெட் கட்டளைகள். செட் ஓன் ஆக்கினது, ரீசெட் வரும்வரை ஓனாகவே இருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பின்னேரம் கரண்ட் திரும்பினபோது எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் கொன்வேயர் தானாக ஓடத் தொடங்கியது. மோட்டரைச் செட் கட்டளையில் பிடித்து, அந்த பிட்டைக் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்திருந்தார்கள். கரண்ட் வராது என்று நம்பி பெல்ட்டில் ஏறித் துப்புரவு செய்துகொண்டிருந்தவர் குதித்து இறங்கினார். இது வயர் பிழையா அண்ணன்?

சீனக்குடா_பனல்

தங்கச்சி, இரட்டைக் கொயில் பற்றிச் சொன்னது சரி, அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. துடிப்பு விஷயமும் சரி. ஆனால் கொன்வேயர் கதை என் பக்கத்துச் சாட்சி.

பிஎல்சி இல்லாத சாதாரண ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் கொன்டாக்டர் இழுக்கும், கையை எடுத்தால் அதன் சொந்தத் துணைக் கொன்டாக்ட் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் கொயில் விடும், பிடிப்பும் விடும். கரண்ட் வந்தாலும் ஒருவர் வந்து ஸ்டார்ட்டை அமுக்காமல் மோட்டர் ஓடாது. இதைத் தன் கையால் பத்து ஸ்டார்ட்டர் கட்டின பிள்ளை, லேடரிலும் அதையே எழுதும்: ஸ்டார்ட், அதற்கு இணையாக வை0இன் கொன்டாக்ட், தொடரில் ஸ்டொப். செட்டும் ரீசெட்டும் அந்தப் பிள்ளைக்குத் தேவையே வராது. 2022இல் ஒரு நாளில் எத்தனை தரம் கரண்ட் போய் வந்தது? அந்த நாட்களில் மெயின் விழுந்து எழும்பும்போது எந்தக் கொன்டாக்டர் முதலில் இழுக்கிறது என்று பக்கத்தில் நின்று காதால் கேட்டுப் பழகினவர்கள், கரண்ட் திரும்புகிற நேரத்தை யோசிக்காமல் ஒரு வரியும் எழுதமாட்டார்கள்.

உவர்மலை_கருவி

பிடிப்புச் சுற்று பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். மோட்டருக்குச் செட் கட்டளை வேண்டாம் என்று நானும்தான் படிப்பிக்கிறேன். ஆனால் அதற்குப் பத்து ஸ்டார்ட்டர் போதும் அண்ணன், ஆறு மாதம் வேண்டாம். ஆறு மாதம் வயர் மட்டும் பிடிக்கவிட்டால் பாதிப்பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள், அதுவும் பெண்பிள்ளைகளைப் பனலுக்குப் பக்கத்தில்கூட விடுவதில்லை, லேபல் ஒட்டத்தான் விடுகிறார்கள். முதல் வாரத்திலேயே ஒரு பலகையில் இரண்டு பட்டன், ஒரு ரிலே, ஒரு பல்ப், ஒரு சின்ன பிஎல்சி. எழுது, ஓடவிடு, பிறகு ஓடும்போதே ஒரு வயரைக் கழற்று. 24 வோல்ட், ஆபத்தில்லை. இரண்டையும் ஒன்றாகப் பழகலாம்.

கிண்ணியா_நானா

அந்த ஓடும்போதே வயரைக் கழற்று என்பதுதான் வேலை. பட்டனை அமுக்கிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர், கழற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. என் தாங்கியிலும் டிரான்ஸ்மிட்டர் வயரைக் கழற்றியிருந்தால் 0 வந்திருக்கும், அப்போது 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வந்திருக்கும்.

உப்புவெளி_தம்பி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஐஸ் மெஷின் கதையை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போன மாதம் நான் எழுதிக்கொடுத்த மரவேலைத் தளத்து மெஷின் ஒன்று இருக்கிறது. இன்று காலை போய் முதலாளியிடம் கேட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிட்டு, ஸ்டொப் பட்டன் வயரைப் பனல் பக்கம் டேர்மினலில் கழற்றினேன். மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடைய லேடரில் குறுக்குக்கோடு, பட்டனில் என்ஓ. அதே பிழை. நான் இதைச் சிமுலேட்டரில் இருபது தரமாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

மெஷினை ஓடவிடவேண்டாம் என்று சொல்லி மெயினைப் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திருத்தும்போது பட்டனை முதலில் மாற்றுவதா, புரோகிராமை முதலில் மாற்றுவதா? அவசர ஸ்டொப்பும் இப்போது பிஎல்சி இன்புட்டில்தான் இருக்கிறது.

சீனக்குடா_பனல்

பூட்டிவிட்டு வந்தது நல்ல வேலை தம்பி.

மெயின் பூட்டியிருக்கும்போதே பட்டனை மாற்றும். என்சி பிளொக் வந்துவிட்டால் பழைய புரோகிராமில் மெஷின் ஸ்டார்ட் ஆகாது, அது நல்லதுதான், ஓடாமல் இருக்கிறபடி நடுவில் விடலாம். புரோகிராமை முதலில் மாற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் அமுக்கிப் பார்த்துவிட்டு இன்னொருவர் பழையதைத் திரும்ப ஏற்றிவிடுவார், அதைக் கண்டிருக்கிறேன். அதனால் பட்டன் முதலில். பிறகு லேடரில் குறுக்குக்கோட்டை எடும், அந்த வரிக்குப் பக்கத்தில் பட்டன் என்சி, சும்மா இருக்கும்போது இன்புட் 1 என்று தமிழிலேயே குறிப்பு எழுதும், அடுத்தவர் வந்து குழம்பாமலிருக்க.

அவசர ஸ்டொப் புரோகிராமை நம்பி இருக்கக்கூடாது. காளான் பட்டனின் (அவசர ஸ்டொப்) என்சி கொன்டாக்ட் சேஃப்டி ரிலேக்கு (பாதுகாப்புக்கென்றே உள்ள தனி ரிலே), அந்த ரிலே கொன்டாக்டரின் கொயில் வயரை நேரே அறுக்கவேண்டும். இன்னொரு கொன்டாக்டை பிஎல்சிக்குக் கொடும், திரையில் காட்டுவதற்கு மட்டும். பட்டனை இழுத்து விடுவித்தாலும் மோட்டர் தானாக ஓடக்கூடாது, ஸ்டார்ட்டைத் திரும்ப அமுக்கவேண்டும். மரவேலை மெஷின் என்றால் ரிலேக்கு ஒரு என்சி கொன்டாக்ட், அதாவது ஒரு சேனல், போதாது, இரண்டு என்சி கொன்டாக்டை இரண்டு சேனலாகக் கொடுக்கக்கூடிய ரிலே வாங்கும். விலை கூட என்று முதலாளி சொன்னால் என்னிடம் பேசச் சொல்லும்.

உவர்மலை_கருவி

தம்பி, எல்லாம் முடிந்த பிறகு பெல்ட் இல்லாமல் மூன்று சோதனை: ஸ்டொப் வயரைக் கழற்றுவது, அவசர ஸ்டொப் வயரைக் கழற்றுவது, ஓடும்போதே மெயினை விழுத்தித் திரும்பப் போடுவது. மூன்றையும் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது செய்து காட்டுங்கள். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

உப்புவெளி_தம்பி

சரி அக்கா. முதலாளி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுகிறார். எங்கள் கடை மூத்தவரிடமும் நடந்ததைச் சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய மீட்டரை எடுத்துப் பையில் வைத்தார், அவரும் வருகிறார்.