போனையே கம்ப்யூட்டராக்கி வேலை பார்த்தவர்கள், பார்க்க முயன்றவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகமலை டிடிபி:

ஆய்வேடு சமர்ப்பிக்கிற சமயம், கடையில் நிற்க இடமில்லை. ஒரு சிஸ்டம் வேறு படுத்துவிட்டது, மானிட்டர் மட்டும் ஓடியது. பிஎச்டி பண்ணுகிற ஒரு பொண்ணு, "அண்ணே, அந்த மானிட்டரை நான் எடுத்துக்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து சின்ன ஹப் ஒன்றை, ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் பெட்டியை, எடுத்தார். அதில் எச்டிஎம்ஐ, கீபோர்டு, மவுஸ் எல்லாம் சொருகி, மறுமுனையைத் தன் சாம்சங் போனில் மாட்டினார். போனைப் பெரிய திரையில் கம்ப்யூட்டர் மாதிரி காட்டுகிற சாம்சங் வசதி, டெக்ஸ் என்று பெயர். மானிட்டரில் டாஸ்க்பார் வந்தது. வேர்டு ஒரு பக்கம், பிடிஎஃப் ஒரு பக்கம் திறந்தது.

அதுவரை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நடுவில் அவருடைய நெறியாளரிடமிருந்து கால் வந்தது. ஹெட்செட்டை மாட்டிப் பேசிக்கொண்டே, அவர் சொல்லச் சொல்ல அடிக்குறிப்புகளை அதே போனில், அதே பெரிய திரையில் திருத்திக்கொண்டே போனார். எதுவும் திக்கவில்லை. சிஸ்டத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுத்தான் நான் கடை நடத்துகிறேன். அவருக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது மானிட்டரும் பிரிண்டரும்தான். அன்றிலிருந்து இதே யோசனை.

ஒரே இடத்தில்தான் நின்றது. வானவில் என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த அத்தியாயம் ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டியது. அதை மட்டும் என் சிஸ்டத்தில், எல்லாக் கருவியிலும் தெரிகிற யுனிகோடு எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

விடுதி அறை 14:

அண்ணா, இது எல்லாப் போனிலும் நடக்காது. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். லேப்டாப் வாங்கப் பணமில்லை, நல்ல போனாக ஒன்று வாங்கினால் டிவியில் மாட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டலாம் என்று அப்பாவிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். கடைக்காரரும் "டைப்-சி தானே, எல்லாம் வரும்" என்றார். ஹப்பும் சேர்த்து வாங்கினோம்.

வீட்டில் மாட்டினால் டிவியில் "நோ சிக்னல்". கேபிளைத் திருப்பி மாட்டினேன், போனை அணைத்துப் போட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கதவோரமாக நின்று அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த டைப்-சி ஓட்டை வழியாகப் படம் வெளியே வராதாம். பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன?

ஆடிட்டர் ஆபீஸ்:

நாகமலை சார், ஒரு பொண்ணு ஆய்வேடு திருத்தியதை வைத்து லேப்டாப் காலம் முடிந்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆபீஸுக்கு வந்து பாருங்கள். போன் எக்செலில் மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த கட்டளைகள், ஓடாது. எங்கள் வேலையில் பாதி மேக்ரோதான்.

கம்பெனிப் படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். கம்பெனி டைரக்டர் ஒருவர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை, பென்டிரைவ் மாதிரி சொருகிக் கையெழுத்துப் போடுகிற கருவியை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். கையில் விலை உயர்ந்த போன். "இதுல சொருகினா வேலை செய்யாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டோக்கனின் மென்பொருள் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றுவது. போன் அதைச் சீண்டக்கூட இல்லை. விழுப்புரத்தில் இறங்கி ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் போனில் மூச்சிரைக்கப் பேசிய குரல் இன்னும் காதில் கேட்கிறது.

பழைய லூமியா:

2015-இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனான லூமியா 950 வாங்கியவன் நான். டெக்ஸ் மாதிரி அதில் இருந்த கன்டினியூம் வசதியில் டிவியைப் பார்த்துக்கொண்டு மாமனாருக்கு ஒரு கடிதம் அடித்தேன், அவர் போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கதை அவ்வளவுதான். வழக்கமான விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது, ஸ்டோரில் இருந்தவை மட்டுமே, அவையும் கொஞ்சம். அதனால்தான் அது எடுபடாமல் போனது. அதற்கு முன்னால் 2011-லேயே மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் போனை ஒரு லேப்டாப் கூட்டின் முதுகில் செருகுகிற மாதிரி விட்டார்கள். அப்போது போனுக்கு அந்த அளவு சக்தி இல்லை. இப்போது சக்தி தாராளமாக இருக்கிறது.

விடுதித் தம்பி, இனி வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான். படம் வெளியே வர டிஸ்ப்ளேபோர்ட் வசதி தனியாக வேண்டும். விவரப் பட்டியலில் யூஎஸ்பி 2.0 என்று இருந்தால் அநேகமாக வராது. 3.1, 3.2 என்று போட்டு டிஸ்ப்ளேபோர்ட் என்றும் இருக்கிறதா பாருங்கள். ஐபோன் 15 இதற்கு விலக்கு, வேகம் 2.0 தான், ஆனாலும் படம் வரும். ஆனால் போன் திரையின் நகல்தான் வரும், தனி டெஸ்க்டாப் வராது. சாம்சங்கில் 2017-இல் வந்த எஸ்8 முதல் எஸ் வரிசையில் டெக்ஸ் உண்டு, ஏ, எம் வரிசைகளில் பெரும்பாலும் கிடையாது. ஆரம்பத்தில் போனைச் செருகி வைக்கத் தனி டாக் வாங்க வேண்டியிருந்தது, 2018-இல் நோட் 9 வந்த பிறகு கேபிளே போதும். மோட்டோரோலாவின் எட்ஜ் வரிசையில் சிலவற்றிலும் இதுபோன்ற வசதி இருக்கிறது. கூகுள் பிக்சலில் 8-லிருந்துதான் படம் வெளியே வரும்.

ஹப் வாங்கும்போது சார்ஜரையும் சொருக இடமிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வேலை முடியும் முன் பேட்டரி முடிந்துவிடும். உறையைக் கழற்றி வையுங்கள், சூடு ஏறினால் போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முக்கியமாக, கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேறெங்காவது இருக்கட்டும். போன் தொலைந்தால் ஆபீஸே தொலைந்த மாதிரி.

கோடைமழை:

ஆடிட்டர் ஆபீஸ் சார், போன் போதாது என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் போன் மட்டும்தான் இருந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி அண்ணனுக்குக் கிடைத்தது, நான் படித்தபோது கிடைக்கவில்லை. அண்ணனுடையதும் அதற்குள் ஓடாமல் போயிருந்தது. 2020-இல் வகுப்பு, அசைன்மென்ட், புராஜெக்ட் எல்லாம் போனில். டெர்மக்ஸ் என்கிற ஆப்பில் பைத்தான் மொழியை ஏற்றி அதிலேயே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நேர்காணலில் ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். கீபோர்டு பாதித் திரையை அடைத்துக்கொண்டது, புரோகிராமில் ஐந்தாறு வரிதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் ஓட்டிக் காட்டினேன், விடை சரியாகவே வந்தது. அவர் விடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "லேப்டாப்பில் வந்து சேர முடியாதா?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். சரி, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. விடை தவறாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

ஆடிட்டர் ஆபீஸ்:

கோடைமழை, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி. விடையைப் பார்க்காமல் கருவியைப் பார்த்தது அவர்கள் தப்பு. போனில் கற்றவர்களைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. என் சண்டை படிவங்களோடும் மென்பொருள் விற்கிறவர்களோடும்தான். ஆதார் ஓடிபி வைத்துப் போடும் ஈ-சைன் போனிலேயே நடக்கிறது. டோக்கன் வேலைக்கும் அப்படி ஒரு வழி வரட்டும், மேக்ரோ போனில் ஓடட்டும், நான் அடுத்த சிஸ்டம் வாங்க மாட்டேன். இப்போதைக்கு எங்கள் ஆபீஸில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது.